எம்டிஎஸ் கோப்புகளை ஒட்டினால் ஒலி வெட்டுகிறதா?

வணக்கம். ஒரே மூச்சில் எடுத்த நலங்கு வீடியோ மூன்று எம்டிஎஸ் (கேமரா பதியும் வீடியோ வடிவம்) கோப்பாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் எம்பி4 ஆக்கி ஒட்டினால் இணைப்பில் ஒலி வெட்டுகிறது, படமும் மங்குகிறது என்கிறீர்கள்.

கேமரா மேல் பழியில்லை. ஏவிசிஎச்டி என்ற வடிவில் பதியும் கேமராக்கள் பலவும் நீண்ட பதிவைச் சுமார் 2 ஜிபிக்கு ஒன்றாக நறுக்கிவிடும். நறுக்கிய இடத்தில் ஒலித் துணுக்கு பாதி இங்கே, பாதி அங்கே விழலாம். தனித்தனியாக மாற்றும்போது அதுதான் தொலைகிறது. ஆகவே முதலில் ஒட்டுங்கள், அப்புறம் மாற்றுங்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் காப்பி கட்டளையோடு சாய்கோடு பி (copy /b) சேர்த்து, கோப்புகளை 00000, 00001, 00002 என்ற வரிசையில் கூட்டல் குறியிட்டுக் கொடுத்தால் போதும். சாய்கோடு பி விட்டுப்போனால் கோப்பு கெட்டுவிடும், கவனம்.

மங்கலுக்குக் காரணம் ஹேண்ட்பிரேக். அது எப்போதும் படத்தை மறுபடி சுருக்கும். எம்டிஎஸ்-க்குள் இருப்பதே எச்.264 என்ற சுருக்க முறையில் உள்ள படம்தான், எம்பி4-உம் அதை அப்படியே ஏற்கும்; ஆகவே எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச கட்டளைவழி மென்பொருளில் படத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லி, டால்பி ஒலியை மட்டும் ஏஏசி என்ற ஒலி வடிவமாக்குங்கள். சில நிமிட வேலை, படத்தின் தரம் துளியும் குறையாது.

ஆட்கள் நகரும்போது கணினியில் ஓரங்களில் கிடைக்கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் பதிவு, அதாவது படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தடவையில் பதியும் முறை. டிவி பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். யூடியூபில் ஏற்றுவதென்றால் மட்டும் ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் (அந்தக் கோடுகளை நீக்கும் வசதி) போட்டு மாற்றுங்கள்.

ஒட்டிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏறாது. மூல எம்டிஎஸ்களை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.