கைபேசிக் காப்புரிமைகளும் சில்லு நிறுவனப் பங்குகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஆப்பிள் இதுவரை குவால்காமிடம் வாங்கிவந்த மோடத்தை (கைபேசியைக் கோபுரத்தோடு இணைக்கும் சில்லு) சொந்தமாகச் செய்யத் தொடங்கிவிட்டது. குவால்காம் பங்குகளை விற்றுவிடலாமா?

பதில்: விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் முடிவு. ஆனால் அந்த நிறுவனத்துக்குள் இரண்டு தொழில்கள் நடப்பதைப் பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஒன்று சில்லு விற்பது. மற்றொன்று காப்புரிமைகளுக்கு உரிமம் தந்து கட்டணம் பெறுவது. 2025 பிப்ரவரியில் அறிமுகமான ஐபோன் 16இ-யில் ஆப்பிள் தன் சி1 மோடத்தைப் பொருத்தியதால் பாதிக்கப்படுவது முதல் தொழில்தான். உரிமக் கட்டணமோ கைபேசிக்குள் இருப்பது யாருடைய சில்லு என்பதைப் பொறுத்ததன்று. 2019 ஏப்ரலில் இரு நிறுவனங்களும் வழக்குகளை முடித்துக்கொண்டபோது உரிமத்துக்கும் சில்லு வழங்கலுக்கும் தனித்தனி ஒப்பந்தங்களே செய்துகொண்டன. உரிம ஒப்பந்தம் 2027 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய நாள் அதுவே. வருவாயில் உரிமப் பிரிவு சிறியது என்றாலும், அதன் லாப விகிதம் சில்லுப் பிரிவினுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கேள்வி: 5ஜி காப்புரிமைகள் யாரிடம் அதிகம்?

பதில்: எண்ணிக்கையை நம்பி முதலீடு செய்யாதீர்கள். 5ஜி தரநிலைக்கு, அதாவது எல்லாக் கைபேசிகளும் பின்பற்றும் பொது விதிமுறைக்கு, இன்றியமையாதவை என்று நிறுவனங்கள் தாமே அறிவிப்பவை அவை. அறிவிப்பைப் பெறும் ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்ஸி, அவை உண்மையிலேயே இன்றியமையாதவையா என்று சோதிப்பதில்லை.

கேள்வி: ஹுவாவே முன்னணியில் இருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: எண்ணிக்கையில். முந்தைய பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மோடம் ஒரு சிறு பாகம். திரைக்கும் கேமராவுக்கும் சேர்த்து, முழுக் கைபேசியின் விலையில் குவால்காம் கட்டணம் கேட்பது எப்படி நியாயம்?

பதில்: 2017-இல் குவால்காம்மீது ஆப்பிள் தொடுத்த வழக்கின் மையமும் இதுவே. இந்தக் காப்புரிமைகளில் பல, கைபேசியும் கோபுரமும் சேர்ந்து இயங்கும் முறையைப் பற்றியவை. சில்லுக்குள் மட்டும் அடங்குபவை அல்ல. மேலும், உரிமம் பெற்ற பொருள் ஒருமுறை விற்கப்பட்டால் அதன்மேல் அதே காப்புரிமைக்காக மீண்டும் கட்டணம் கேட்கும் உரிமை தீர்ந்துவிடும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் குவாண்டா வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆகவே சில்லு அளவில் உரிமம் தந்தால், அதில் அடங்கும் காப்புரிமைகளுக்குக் கைபேசி அளவில் மீண்டும் கேட்க இயலாது. நோக்கியாவும் எரிக்சனும்கூடக் கைபேசி தயாரிப்பாளரிடமே உரிமம் பேசுகின்றன. நடைமுறையில் இதற்கு வரம்பும் உண்டு. பல தலைமுறைகளை ஆதரிக்கும் 5ஜி கைபேசிக்கு, தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமைகளுக்காகக் குவால்காம் அறிவித்த விகிதம் 3.25%, கணக்கில் கொள்ளும் விலை 400 டாலரைத் தாண்டாது. இந்த விகிதத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கைபேசிக்கும் உச்சம் 13 டாலர்தான்.

கேள்வி (அவரே): உரிமம் பெறாதவருக்குச் சில்லு இல்லை என்று மிரட்டி வாங்கிய விகிதத்துக்கு இது எப்படிச் சமாதானம் ஆகும்?

பதில்: அந்த நடைமுறையைத்தான் அமெரிக்க நீதிபதி லூசி கோ 2019 மே மாதத்தில் சட்டவிரோதம் என்றார், 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அது போட்டிச் சட்டம் மீறப்படவில்லை என்றதே தவிர, விகிதம் நியாயமானது என்று சொல்லவில்லை. சீனாவோ 2015-இல் குவால்காமுக்கு 97.5 கோடி டாலர் அபராதம் விதித்து, அங்கே விற்கப்படும் கைபேசிகளுக்கு விலையில் 65 விழுக்காட்டையே கணக்கிடச் செய்தது. விலை வரம்பு இல்லாதிருந்தால் நானும் உங்கள் பக்கமே நின்றிருப்பேன். முதலீட்டாளருக்கு உண்மையான ஆபத்து போட்டிச் சில்லு அன்று, கட்டணம் கணக்கிடும் இந்த அடிப்படையை அரசுகள் மாற்றுவதுதான்.

கேள்வி: சாம்சங்கும் சொந்தச் சில்லு செய்கிறது. கட்டணம் நின்றுவிடுமா?

பதில்: முதல் கேள்வியே மீண்டும் வருகிறது. எக்ஸினோஸ் சில்லுகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆயினும் சாம்சங் தன் உரிமத்தை 2030 இறுதிவரை நீட்டித்திருக்கிறது.

கேள்வி: பங்கு லாபத்துக்கு வரி எவ்வளவு?

பதில்: வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: 6ஜி வந்தால் பழைய காப்புரிமைகள் வீணா?

பதில்: காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். 1990-களின் சிடிஎம்ஏ (பழைய தலைமுறைக் கைபேசித் தொழில்நுட்பம்) காப்புரிமைகள் காலாவதியான பின்னும் கட்டணம் தொடர்வதற்குக் காரணம், 4ஜியிலும் 5ஜியிலும் புதியவை சேர்ந்துகொண்டே வந்ததுதான். புதிய கைபேசிகள் பழைய தலைமுறைகளையும் ஆதரிப்பதால் மாற்றம் மெதுவாகவே நடக்கும். ஆகவே ஆண்டறிக்கையில் ஆராய்ச்சிச் செலவு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அதன் விளைவு உரிம வருவாயில் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.