அம்மாவுடன் போன் பேசிய இரவெல்லாம் படுக்கை நனைகிறது என்றால்

அம்மாவைப் பிரிந்து உங்களிடம் இருக்கும் அக்கா மகனுக்கு 6 வயது என்கிறீர்கள். அம்மாவிடம் பேசிய இரவு மட்டும் படுக்கை நனைகிறது, பேச்சையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். தூங்கப்போகும் நேரத்தில் பேசினால் அந்த ஏக்கத்தோடேயே படுப்பான். காலையிலோ மதியமோ, வாராவாரம் அதே நாளில், 10 நிமிடம் போதும். காலண்டரில் அவனே வட்டம் போடட்டும். பேச்சு வராமல் திணறினால், வரைந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

போனை வைத்ததும் "போய் விளையாடு" என்று அனுப்பாமல், கூட உட்கார்ந்து ஏதாவது செய்யுங்கள். "அம்மா சீக்கிரம் வந்துடுவா" மட்டும் வேண்டாம். நாள் தெரியாத வாக்குறுதி அவனை வாசலையே பார்க்க வைக்கும். "எப்போன்னு எனக்கும் தெரியல, அதுவரைக்கும் நீ இங்கதான்" என்பதே மேல்.

அக்காவின் பழைய துப்பட்டா இருந்தால் துவைக்காமல் கொடுங்கள். வாசனைதான் முக்கியம்.

மெத்தைமேல் ரப்பர் ஷீட், விரிப்பு, மறுபடி ரப்பர் ஷீட், விரிப்பு. நனைந்தால் மேல் இரண்டை மட்டும் உருவினால் போதும், ராத்திரி விளக்குப் போட்டு ரகளை இருக்காது. திட்டவே கூடாது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடங்காத தாகம், மலச்சிக்கல் இருந்தால் இது மனசு சம்பந்தப்பட்டதுதான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.