வயித்துல இருக்குற குழந்தைக்குக் கட்டியா? கேளுங்க, ஸ்கேன் டாக்டர் பதில் சொல்றேன்

கேள்வி: டாக்டர், எனக்கு 21 வாரம். அனாமலி ஸ்கேன்ல பாப்பா வால் எலும்புகிட்ட 4 செ.மீ. கட்டி, டெரடோமான்னு எழுதிருக்காங்க. கேன்சரா? ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

பதில்: டெரடோமான்னா பலவித திசு கலந்து வளர்ற கட்டி, பொறக்குறப்போ இது பெரும்பாலும் கேன்சரா இருக்காதும்மா. 35,000 - 40,000 குழந்தைல ஒண்ணுக்குத்தான் வரும், அதுலயும் பொண் குழந்தைங்கதான் ஜாஸ்தி. ரிப்போர்ட்ல எல்லாரும் செ.மீ.யத்தான் பாக்குறாங்க, நான் மொதல்ல பாக்குறது பாப்பாவோட இதயத்த. கட்டிக்குள்ள வெறும் நீரா இருந்தா பெரும்பாலும் பிரச்சன கம்மி, ஆனா சதையா இருந்து, ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்குழாய் நெறைய தெரிஞ்சா அந்தக் கட்டிக்கும் சேத்து இந்தக் குட்டி இதயம் ரத்தம் தள்ளணும், ஒரு கட்டத்துல அது களைச்சுப்போயி பாப்பா உடம்பெல்லாம் நீர் கோத்துக்கும். அதான் அடிக்கடி ஸ்கேனுக்கு வரச் சொல்றது. உங்களுக்கே திடீர்னு கைகால் வீங்கி பிரஷர் ஏறுச்சுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போயிடுங்க.

கேள்வி: ஊசி போட்டு கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாமே சார்?

பதில்: பொதுவா பண்றதில்ல, குத்துனா ரத்தம் கசியும். பதிலா எம்ஆர்ஐ எடுப்போம், கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாம. கட்டி இடுப்புக்குள்ள எவ்ளோ தூரம் போயிருக்குன்னு அதுல தெளிவா தெரியும். முழுசா உள்ளயே இருக்குற வகை ஒண்ணு இருக்கு, வெளில ஒண்ணுமே தெரியாது, அதுதான் ரொம்ப ஏமாத்தும்.

கேள்வி: மருமகளுக்கு 30 வாரம். குழந்தை இதயத்துலயே 3 கட்டியாம்.

பதில்: ராப்டோமயோமாவா, அதாவது இதயத் தசைல வர்ற கேன்சர் இல்லாத கட்டியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்மா. ரத்த ஓட்டத்த அடைக்காம இருந்தா பொறந்தப்புறம் பெரும்பாலும் தானா சுருங்கிடும். ஆனா ஒண்ணுக்கு மேல இருந்தா டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு ஜீன் வியாதிய சந்தேகப்படணும், அதுல பின்னாடி ஃபிட்ஸ் வரலாம். அதனால மூளையையும் பாக்கச் சொல்லுங்க, மகன், மருமக ரெண்டு பேர் தோல்லயும் வெள்ளத் திட்டு இருக்கான்னு காட்டச் சொல்லுங்க.

கேள்வி: 34 வாரத்துல பாப்பாவோட அட்ரினல்ல, கிட்னிக்கு மேல இருக்குற சுரப்பில, கட்டின்றாங்க. 20 வாரத்துல நார்மல்னு குடுத்தாங்களே, ஸ்கேன் பண்ணவங்க தப்பா?

பதில்: இல்லங்க. அந்த எடத்துல வர்ற நியூரோபிளாஸ்டோமாங்குற நரம்புசெல் கட்டி பெரும்பாலும் கடைசி 3 மாசத்துலதான் கண்ல படும். நிறைய கட்டி தானாவே கரைஞ்சும் போயிருக்கு.

கேள்வி: மொதல்ல கேட்டவதான் டாக்டர். நார்மல் டெலிவரி ஆகுமா?

பதில்: 5 செ.மீ.க்கு மேல போனா சிசேரியன்தான் சேஃப், வழில கிழிஞ்சா ரத்தம் நிக்காது. பொறந்ததும் குழந்தை சர்ஜன் கிட்ட இத மட்டும் கேட்டுக்கோங்க, கட்டியோட வால் எலும்பையும் சேத்து எடுப்பீங்களான்னு. அத விட்டா கட்டி திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்.