காணியை ஈடு வைத்து முதுமாணி வேண்டாம்

திருகோணமலை திருக்கடலூரிலிருந்து ஆலோசனை கேட்டு வந்த குடும்பம். மகள் பேராதனையில் நாலு வருட உளவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டாள். லண்டன் மாமா, "மருத்துவ உளவியலில் ஒரு வருட முதுமாணி (மாஸ்டர்ஸ்) செய்யட்டும், டொக்டர் மாதிரி மதிப்பு" என்று தினமும் போன் எடுக்கிறார். செலவுக்கு நிலாவெளிக் காணியை ஈடு வைப்பதாகப் பேச்சு. பிள்ளையோ ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் (பிஎச்டி) எடுக்க வேண்டும் என்கிறாள்.

அம்மா, ஐயா, காணியில் கை வைக்காதீர்கள். பிரிட்டனில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய அந்த ஒரு வருடம் போதாது. அதற்கென்று தனியாகக் கலாநிதிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கடன் கட்டப்போவது நீங்கள்தானே? அதோடு, நோயாளிகளோடு இருந்து கதைக்கும் வேலையில் பிள்ளைக்கு விருப்பமில்லை. எப்படிக் கேட்டாலும் அதே பதில்தான்.

அவளுக்கு எதில் விருப்பம் என்று கேட்டேன். அவளுடைய அப்பப்பா (தகப்பனின் தகப்பன்) கரையில் நின்று, தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறுவதைப் பார்த்தே "அங்கே சூடை மீன் நிற்கிறது" என்பாராம். பக்கத்தில் நின்ற இவளுக்கு வெறும் கடல்தான் தெரிந்ததாம். "அவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை?" என்றாள்.

இந்தக் கேள்விக்கே ஒரு துறை இருக்கிறது: புலனுணர்வுக் கற்றல், அதாவது பழகப் பழகக் கண், காது போன்ற புலன்கள் எப்படிக் கூர்மையாகின்றன என்று ஆராய்வது. சேஸ், சைமன் என்ற ஆய்வாளர் இருவர் 1973இல் சதுரங்கப் பலகையை ஐந்து விநாடி காட்டி மறைத்து, பார்த்தபடியே காய்களைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டநிலை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைத் திரும்ப வைத்தார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமலே போனது. வித்தை பொதுவான ஞாபகசக்தியில் இல்லை, பழகிய கண்ணில் இருக்கிறது. 1975இல் வந்த ஓர் ஆய்வில் கதிரியக்க மருத்துவர்கள் நெஞ்சு எக்ஸ்ரேயை 0.2 விநாடி மட்டும் பார்த்தே பல கோளாறுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண் எப்படி வருகிறது, அதைச் சீக்கிரம் வரவைக்க முடியுமா? கலாநிதி மாணவர் வருடக்கணக்கில் இதோடுதான் கிடப்பார்: திரையில் படங்களை மின்னவிட்டு, பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்து, கண் எங்கே போகிறது என்று பதிந்து, புள்ளிவிபரத்தோடு மல்லுக்கட்டுவது. மருத்துவர், விமானி போன்றோரின் பயிற்சிக்கு இது நேரடியாக உதவும்.

இனிப் பணம். அமெரிக்காவின் பல உளவியல் துறைகள் கலாநிதி மாணவரிடம் கட்டணம் அறவிடாமல், கற்பித்தலுக்கோ ஆய்வு உதவிக்கோ மாதக் கொடுப்பனவும் தருகின்றன. பெரும்பாலும் முதுமாணி இல்லாமலே, நாலு வருடப் பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். ஐந்து, ஆறு வருடம் பிடிக்கும். போட்டி கடுமை. முதல் வருடம் கிடைக்காமல் போவது சாதாரணம், அதற்காக மாமாவின் வழிக்குத் திரும்ப வேண்டாம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பரில் முடியும். அதற்குள் பிள்ளை ஆர் (R), பைதான் (Python) என்ற கணினி மொழிகள் இரண்டையும் பழகட்டும், இரண்டும் இலவசம். தன் கேள்வியோடு ஒத்துப்போகும் பேராசிரியர்களின் கட்டுரைகளை வாசித்து, அவர்களுக்கு நேரே எழுதட்டும். ஏஜென்சி தேவையில்லை. அனுமதிக் கடிதம் வந்தால் கட்டண விலக்கு, கொடுப்பனவு, எத்தனை வருடம், மருத்துவக் காப்புறுதி ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய பெயருள்ள பல்கலைக்கழகமானாலும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.