வாசகர் கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் சிதையாமல் பதிவாகிறதா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாணவர்களுக்கு லினக்ஸ் கட்டளைகளைக் கற்பிக்கிறேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் செய்வதை ஆஸ்கினிமா என்னும் கருவியால் பதிவுசெய்து, தமிழ் விளக்கத்துடன் பாடமாகக் கொடுக்கிறோம். அதன் 3.0 பதிப்பு முழுவதும் மாற்றி எழுதப்பட்டுள்ளது. எங்களிடம் உபுண்டு கணினிகளும் ஒரு மேக்கும் உள்ளன. சில மாணவர்கள் விண்டோஸ் வைத்திருக்கிறார்கள். மாறுவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பைதானில் எழுதப்பட்டிருந்த இக்கருவி, 2025 செப்டம்பரில் வெளியான 3.0 பதிப்பில் ரஸ்ட் மொழிக்கு மாறியது. எனவே பழைய நிரல் சமாளித்துவந்த இயங்குதள வேறுபாடுகளைப் புதிய நிரலும் சமாளிக்கிறதா என்று பார்ப்பதே உங்கள் வேலை.

முதலில் பதிவின் முடிவைக் கவனியுங்கள். கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லை, உண்மையான டெர்மினல்போல் நடந்துகொள்ளும் ஒரு போலி டெர்மினலுக்குள் கருவி இயக்கி, அங்கிருந்து வரும் பைட்டுகளை நேரத்துடன் எழுதிக்கொள்கிறது. ஷெல் முடிந்ததும் லினக்ஸ் அதை உள்ளீட்டுப் பிழையாகத் தெரிவிக்கும். மேக்கோ தரவு தீர்ந்தது என்று மட்டும் தெரிவிக்கும். இரண்டையும் இயல்பான முடிவாக ஏற்காத நிரல், ஏதேனும் ஒரு தளத்தில் தடுமாறும். ஆகவே நீண்ட வெளியீடு தரும் கட்டளையை இயக்கி, அது முடிந்த உடனே வெளியேறி, கடைசி வரி பதிவில் இருக்கிறதா, அதன்பின் தட்டும் எழுத்துகள் திரையில் தெரிகின்றனவா என்று இரு தளங்களிலும் பாருங்கள். பதிவின் நடுவே சாளரத்தின் அளவை மாற்றியும், சாளரத்தையே மூடியும் பாருங்கள்.

அடுத்தது தமிழ். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்குத் தென்படாத பிழைகள் இங்கேதான் இருக்கும் என்பதால், உங்கள் உழைப்பு உண்மையிலேயே மதிப்புள்ளது. ‘திருப்பாதிரிப்புலியூர்’ நமக்கு 11 எழுத்து. யூனிகோடில் 22 குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 66 பைட்டுகள். கருவி ஒரு தடவையில் படிக்கும் பைட்டுகளின் எல்லை ஒரு குறியீட்டின் நடுவே விழுந்து, மீதிப் பைட்டுகள் வரும்வரை அது காத்திருக்காவிட்டால், அவ்விடத்தில் கேள்விக்குறி அடங்கிய கட்டம்தான் மிஞ்சும். அந்த ஊர்ப்பெயரையே சில ஆயிரம் முறை எழுதிய கோப்பைத் திரையில் ஓடவிட்டுப் பதிவுசெய்யுங்கள். பிறகு கோப்பின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தையும், அடுத்த முறை இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுகள் என்பதால், இம்மூன்று முறைகளில் எல்லை வெவ்வேறு இடங்களில் விழ வாய்ப்பு உண்டு. முடிவைத் திரையில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். எழுத்துருவும் டெர்மினல் செயலியும்கூடத் தமிழை உடைத்துக் காட்டும். பதிவைச் சாதாரண உரையாக மாற்றி, மூலக் கோப்புடன் ஒப்பிடுவதே சரி.

விண்டோஸில் இக்கருவி நேரடியாக இயங்காது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் பதிப்பை ஓட்டலாம். பழைய பதிப்பை வைத்திருக்கும் மாணவர்களையும் மறக்க வேண்டாம்: பதிவு தொடங்கிய கணத்திலிருந்து நேரத்தைக் கணக்கிட்ட பழைய கோப்பு வடிவம் போய், முந்தைய நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் குறிக்கும் புதிய வடிவம் வந்திருக்கிறது. அவர்களுக்கான பாடங்களைப் புதிய பதிப்பிலுள்ள மாற்றும் வசதியால் அந்தப் பழைய வடிவத்துக்கு (இரண்டாம் வடிவம்) மாற்றிக் கொடுங்கள்.

பிழை கிடைத்தால், இயங்குதளப் பதிப்பு, டெர்மினல் செயலி, ஷெல், மொழி அமைப்பு ஆகியவற்றுடன், பிழையை மீண்டும் உண்டாக்கும் மிகச் சிறிய கோப்பையும் இணைத்து நிரலாளர்களுக்கு அனுப்புங்கள்.