கண்மணி விரிந்தால் மனசு தெரியுமா? கேள்வி பதில்

குன்னூர்: சார், பிடித்தவரைப் பார்த்தால் கண்மணி விரியும் என்கிறார்களே, நிஜமா?

கண் நடுவிலிருக்கும் அந்தக் கறுப்பு வட்டம் விரியும். ஆனால் பயத்திலும் விரியும், கோபத்திலும் விரியும். 1960இல் ஹெஸ், போல்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பிடிக்காததைக் கண்டால் கண்மணி சுருங்கும் என்றும் ஹெஸ் சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. மனம் எவ்வளவு உசுப்பப்பட்டது என்பதைத்தான் கண்மணி காட்டும். அது அன்பா வெறுப்பா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

கோத்தகிரி: கணக்குக் கேட்டால் பையன் கண்மணி பெரிசாகுது. பொய் சொல்கிறானா?

இல்லை, யோசிக்கிறான். 1966இல் கானமன், பீட்டி என்ற உளவியல் ஆய்வாளர்கள் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மனதில் வைத்திருக்கச் சொன்னார்கள். எண் கூடக் கூடக் கண்மணி விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. இதை வைத்துப் பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள்.

ஊட்டி: போனில் வீடியோ எடுத்து அளந்தேன். ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை வரவில்லை.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எடுத்திருப்பீர்கள். மஞ்சு (மூடுபனி) வந்து மூடினால் வெளிச்சம் குறையும், விலகினால் கூடும். வெளிச்சத்தால் கண்மணி சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை மாறும். உணர்ச்சியால் வரும் மாற்றம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். அந்தச் சின்னதை இந்தப் பெரியது முழுங்கிவிடும்.

திரையை இழுத்து மூடி, ஒரே பல்பைப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கண் பழகட்டும். பார்ப்பவர் தூரத்தில் ஒரே புள்ளியைப் பார்க்கட்டும். கிட்டத்தில் பார்த்தாலே கண்மணி சுருங்கும். காட்டும் படங்கள் எல்லாம் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இருண்ட படம் காட்டிவிட்டு 'பயந்துட்டார்' என்று எழுதிவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. படம் காட்டிய பின் குறைந்தது இரண்டு மூன்று விநாடி பதிவு செய்யுங்கள். வெளிச்சத்துக்குக் கண்மணி கால் விநாடிக்குள் அசையும், உணர்ச்சிக்கு மெதுவாகத்தான் அசையும். நம் கரும்பழுப்புக் கண்ணில் சாதாரணக் கேமராவுக்கு ஓரம் பிடிபடாது. அகச்சிவப்புக் கேமரா இருந்தால் தெளிவாக விழும்.

பூம்பாறை: வேலியில் எக்காளம் மாதிரித் தொங்கும் வெள்ளைப் பூச்செடியை வெட்டினேன். ஒரு கண்மணி மட்டும் பெரிசாயிருக்கு. மனக்கவலையாலா?

கவலை என்றால் இரண்டும் சேர்ந்து விரியும். அந்தச் செடி ஊமத்தைக்குச் சொந்தம். அதன் சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்திருப்பீர்கள். கண்மணியைச் சுருக்கும் தசையை அது செயலிழக்க வைக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிட்டப் பார்வை மங்கும். சரியாகச் சில நாள் பிடிக்கலாம், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். கண் மருத்துவரிடம் போகும்போது செடியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். இமை தொங்கினாலோ, கடும் தலைவலியோ, இரட்டைப் பார்வையோ வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேத்தி: கேரட் தோட்டத்தில் மருந்தடித்த அண்ணனுக்கு இரண்டு கண்மணியும் ஊசிமுனையாயிருக்கு. பயந்துட்டாரோ?

பயந்தால் விரியும், சுருங்காது. வேர்வை, எச்சில் வழிதல், வாந்தி, மூச்சிரைப்பு சேர்ந்திருந்தால் பூச்சிமருந்து விஷம். இப்போதே 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து பட்ட உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மருந்து டப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.