சூசன் ஆன்டனியின் படத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: பெண்கள் வாக்குரிமை வரலாறு பற்றிப் பள்ளியில் கண்காட்சி வைக்கிறோம். முதல் பலகையில் அமெரிக்காவின் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் ஆன்டனியும். இவர்கள் கறுப்பின மக்களை இழிவாகப் பேசியவர்கள் என்கிறாள் ஒரு மாணவி. படத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் மாணவி சொல்வது உண்மை, அதனால் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும்.

உள்நாட்டுப் போர் நடந்தபோது, அடிமை முறையை ஒழிக்கும் 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்காக ஏறக்குறைய 4 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டிய அமைப்பை நடத்தியவர்கள் இதே இருவர்தான். போர் முடிந்து, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் 15-ஆவது திருத்தம் வந்ததும், பெண்களை விட்டுவிட்டார்களே என்ற கோபத்தில் அதை எதிர்த்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் படித்த வெள்ளைப் பெண்ணுக்கு இல்லாத வாக்கு, எழுத்தறிவில்லாத கறுப்பருக்கும் குடியேறி வந்தவருக்குமா என்று இழிபெயர் சொல்லியே ஸ்டான்டன் எழுதினார், அதற்குச் சமாதானமே கிடையாது. 1869-இல் பெண்கள் வாக்குரிமை இயக்கம் இரண்டாக உடைந்தது. இயக்கத்தின் இன்னொரு தலைவரான லூசி ஸ்டோன் போன்றவர்கள் திருத்தத்தை ஆதரித்துத் தனியாகப் போனார்கள். மறுபடி ஒன்று சேர 1890 ஆகிவிட்டது.

"அந்தக் காலம் அப்படி" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைப் பலகையில் எழுத விடாதீர்கள், ஏனென்றால் அதே காலத்தில் நேருக்கு நேர் மறுத்தவர்கள் இருந்தார்கள். 1848-இல் செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் தீர்மானத்துக்குச் சொந்த ஆட்களே தயங்கியபோது எழுந்து ஆதரித்துப் பேசியவர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ். 1869-இல் அவர்தான், எங்கள் ஆட்களை வீட்டிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிடுகிறார்கள், எங்களுக்கு வாக்கு உயிர்ப் பிரச்சினை என்று ஸ்டான்டன், ஆன்டனியிடம் வாதாடினார். கறுப்பினப் பெண்ணான ஃபிரான்சிஸ் ஹார்ப்பரும் திருத்தத்தின் பக்கமே நின்றார். இவர்கள் இருவருக்கும் அதே பலகையில், அதே அளவில் இடம் கொடுங்கள்.

சரி, என்ன எழுதுவது? ஆன்டனிக்கு இப்படி எழுதலாம்: "1869-இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்தை எதிர்த்தார். 1872-இல் தடையை மீறி வாக்களித்துக் கைதானார். 100 டாலர் அபராதத்தைக் கடைசிவரை கட்டவில்லை." இரண்டுக்கும் நடுவே "ஆனாலும்" போடாதீர்கள், அந்த ஒரு சொல்லே ஒன்றை மன்னித்து இன்னொன்றைத் தூக்கிவிடும்.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஸ்டான்டன், ஆன்டனி இருவருக்கு மட்டும் சிலை வைப்பதாக இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு, அடிமைத்தளையிலிருந்து மீண்டு பெண்ணுரிமைக்காகப் பேசிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத்தையும் சேர்த்து 2020-இல் திறந்தார்கள். மூவரும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். சேர்த்தது நல்லதுதான், ஆனால் பார்ப்பவருக்குச் சண்டையே நடக்காதது போலத் தெரிகிறது. உங்கள் பலகையில் அந்தச் சண்டை தெரிய வேண்டும்.

அப்புறம், பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-ஆவது திருத்தம் வந்த 1920-உடன் கண்காட்சியை முடித்துவிடாதீர்கள். 1913 வாஷிங்டன் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினத்தவர் என்பதால் பின்வரிசைக்குப் போகச் சொன்னபோது மறுத்து, தன் இல்லினாய் மாநிலக் குழுவோடு நடந்த பத்திரிகையாளர் ஐடா வெல்ஸுக்கு ஒரு பலகை வேண்டும். தென் மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை வாக்களிக்க முடியவில்லை, கடைசிப் பலகை அந்த ஆண்டுக்கு. கேள்வி கேட்ட மாணவியையே அதை எழுதச் சொல்லுங்கள்.